தூங்காத கண்: ஒரு துப்பறியும் கம்பெனியின் மூன்று ஃபைல்கள்

நம் வயதுக்காரர்கள் துப்பறியும் நாவல்களோடு வளர்ந்தவர்கள். தேவனின் சாம்புவில் ஆரம்பித்து, தமிழ்வாணனின் சங்கர்லாலோடு சேர்ந்து தேநீர் குடித்து, பிறகு ரயில்வே ஸ்டேஷன் கடையில் தொங்கிய மாத நாவல்களில் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி என்று வந்து சேர்ந்தோம். சாம்பு தனி ஆள். பின்னால் வந்தவர்களுக்கு ஆபீஸ் இருந்தது, பெயர்ப்பலகை இருந்தது, போன் எடுக்க ஆள் இருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கேஸ் ஓடும். ஒரு அத்தியாயத்தில் பெரிய இடத்துக் கொலை, அடுத்ததில் எங்கோ ஒரு ஊரில் காணாமல் போன பெண். கடைசி அத்தியாயத்தில் எல்லா நூலும் ஒரே முடிச்சில் வந்து விழும்.

அந்த நாவல்களில் ஒன்று மட்டும் பெரும்பாலும் வராது. பில். இத்தனை பேருக்குச் சம்பளம், கார், பெட்ரோல், ஹோட்டல் செலவு எல்லாம் யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. நல்லவர் பணம் கொடுப்பார், கெட்டவர் பிடிபடுவார் என்று நாமே முடிவு கட்டிக்கொள்வோம்.

இந்தக் கதைகளுக்கெல்லாம் தூரத்து மூதாதை என்று சொல்லத்தக்க ஒரு நிஜக் கம்பெனி அமெரிக்காவில் இருந்தது. பெயர் பிங்கர்டன். அதன் சின்னம் அகலத் திறந்திருக்கும் ஒரு கண். கீழே, 'நாங்கள் தூங்குவதே இல்லை' என்று பொருள்படும் வாசகம். தனியார் துப்பறிவாளரை ஆங்கிலத்தில் 'பிரைவேட் ஐ' என்று அழைப்பதே அந்தக் கண்ணிலிருந்து வந்ததுதான் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் கம்பெனியின் கதையைப் பில் கொடுத்தவர்களின் பக்கமிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பீப்பாய் செய்தவர்

அலன் பிங்கர்டன் 1819-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். மரப் பீப்பாய் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்து பிரிட்டனில் தொழிலாளிக்கு ஓட்டு கிடையாது. ஓட்டுரிமை கேட்டு எழுந்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் இளைஞர் பிங்கர்டன் தீவிரமாக இருந்தார். போலீஸ் தேடுகிறது என்று தெரிந்துதான் 1842-ல் இளம் மனைவியோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார் என்று சொல்வார்கள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடியும்போது தேவைப்படும்.

சிகாகோவுக்குப் பக்கத்தில் டண்டீ என்ற சிற்றூரில் பீப்பாய்க் கடை போட்டார். பீப்பாய்க்கு வேண்டிய கழி வெட்ட ஆற்றுத் தீவு ஒன்றுக்குப் போனவர், அங்கே யாரோ அடுப்பு மூட்டிய தடயத்தைப் பார்த்தார். ஆளில்லாத தீவில் எதற்கு அடுப்பு? ராத்திரி போய் ஒளிந்திருந்து பார்த்து, ஷெரீப்பிடம் சொன்னார். கள்ளப் பணம் தயாரிக்கும் கும்பல் ஒன்று மாட்டியது. அதிலிருந்து ஊரில் எந்தச் சந்தேகம் வந்தாலும் பீப்பாய்க்காரரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு துணை ஷெரீப் ஆனார். 1849 வாக்கில் சிகாகோ போலீசின் துப்பறிவாளர். 1850-ஐ ஒட்டி ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்.

உலகத்திலேயே முதல் ஆள் என்று அவரைச் சொல்ல முடியாது. பாரிசில் விடோக் என்பவர் 1833-லேயே தனியார் துப்பறியும் அலுவலகம் வைத்துவிட்டார். அவர் ஒரு காலத்தில் ஜெயிலில் கிடந்து, பிறகு போலீசில் சேர்ந்தவர். ஆனால் துப்பறிவதை ஊர் ஊராகக் கிளை வைத்து, கணக்கு எழுதி, ஒரு பெரிய தொழிலாக மாற்றியவர் பிங்கர்டன்தான்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்றைய அமெரிக்காவில் போலீஸ் என்பது ஊருக்கு ஊர், மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனி. நாடு முழுவதற்குமான துப்பறியும் போலீஸ் இல்லை. திருடன் மாவட்ட எல்லையைத் தாண்டிவிட்டால் ஷெரீப் திரும்பி வந்துவிடுவார். ரயிலோ பத்து எல்லைகளைத் தாண்டி ஓடுகிறது. அதில் பணமும் தங்கமும் பார்சலாகப் போகிறது. எல்லை தாண்டித் துரத்தும் ஆள் யாருக்கு வேண்டும்? ரயில்வே கம்பெனிக்கு வேண்டும், பார்சல் கம்பெனிக்கு வேண்டும். பிங்கர்டனின் முதல் பெரிய வாடிக்கையாளர்கள் அவர்கள்தான்.

அவர்கள் கொடுத்த வேலைகளில் கொள்ளைக்காரர்களைப் பிடிப்பது ஒரு பகுதி. இன்னொரு பகுதி, ரயில் கண்டக்டர்களை வேவு பார்ப்பது. நம் ஊர் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினால் எல்லோருக்கும் தெரியும். பிங்கர்டனின் ஆள் சாதாரணப் பயணியாக டிக்கெட் எடுத்து மூலையில் உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் எத்தனை பேரிடம் காசு வாங்கினார், எத்தனையைக் கணக்கில் காட்டினார் என்று எழுதி அனுப்புவார். தொழிலாளர்கள் இவர்களை வெறுக்க ஆரம்பித்தது 1850-களிலேயே என்பதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனி நடந்த விதம்

மேலே பிங்கர்டன். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சூப்பரிண்டெண்டெண்ட். அவருக்குக் கீழே களத்தில் வேலை செய்பவர்கள். இவர்களை 'ஆப்பரேட்டிவ்' என்றுதான் குறிப்பிடுவார்கள். களத்தில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அதை ஆபீசில் திருத்தி, ஆளின் பெயரை மறைத்து, வாடிக்கையாளருக்கு அனுப்புவார்கள். கட்டணம் நாள் கணக்கில், செலவு தனி. பிடித்துக் கொடுத்தால் பரிசு என்ற பேச்சே கூடாது, விவாகரத்துக் கேஸ் எடுக்கக்கூடாது என்பவையெல்லாம் கம்பெனியின் விதிகள். பரிசுக்கு ஆசைப்பட்டால் சாட்சியை ஜோடிக்கத் தோன்றும் என்பதால் அந்த முதல் விதி. நல்ல விதிதான். ஆனால் நாள் கணக்கில் பணம் என்றால் கேஸ் நீள நீள லாபம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1856-ல் கேட் வார்ன் என்ற 23 வயது விதவை வேலை கேட்டு வந்தார். எழுத்து வேலைக்கு என்று நினைத்தார் பிங்கர்டன். அந்தப் பெண்ணோ துப்பறியும் வேலையே வேண்டும் என்றார். ஆண்கள் நுழைய முடியாத இடத்தில் பெண் நுழையலாம், பெண்களிடம் பெண் பேச்சுக் கொடுக்கலாம் என்பது அவர் வாதம். பிங்கர்டன் ஒரு ராத்திரி யோசித்துவிட்டு மறுநாள் வேலை கொடுத்தார். வைஜயந்திக்கும் சுசீலாவுக்கும் முன்னோடி என்று இவரைச் சொல்லலாம்.

அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் ஆடம்ஸ் பார்சல் கம்பெனியின் பணம் 50,000 டாலர் காணாமல் போனது. சந்தேகம் அங்கிருந்த கம்பெனி அதிகாரி மரோனி மேல். கேட் வார்ன் வேறு பெயரில் மரோனியின் மனைவிக்குத் தோழியானார். ஜெயிலில் மரோனி இருந்த இடத்திலேயே இன்னொரு ஆள் கைதி வேஷத்தில் உள்ளே போனார். கணவன், மனைவி இருவருமே தங்கள் ரகசியத்தைப் பிங்கர்டனின் ஆட்களிடமே நம்பிச் சொன்னார்கள். 39,515 டாலர் திரும்பக் கிடைத்தது. மரோனிக்கு 10 வருஷம் சிறை. நண்பனாகி, நம்பிக்கையைப் பெற்று, காட்டிக் கொடுப்பது என்ற இந்த முறைதான் கம்பெனியின் முக்கியமான கருவி. திருடனிடம் அதைக் காட்டும்போது நமக்குக் கை தட்டத் தோன்றுகிறது. வேறு ஆட்களிடம் காட்டும்போது என்ன தோன்றுகிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1861 பிப்ரவரியில் ஜனாதிபதியாகப் பதவியேற்க லிங்கன் வாஷிங்டனுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பால்டிமோர் நகரில் அவரைக் கொல்ல ஏற்பாடு நடப்பதாகப் பிங்கர்டன் கண்டுபிடித்தார். அவரை அமர்த்தியது அரசாங்கம் என்று நினைக்க வேண்டாம். தன் தண்டவாளங்களுக்கும் பாலங்களுக்கும் ஆபத்து என்று பயந்த ஒரு ரயில்வே கம்பெனித் தலைவர்தான் அமர்த்தினார். தண்டவாளத்தைப் பார்க்கப் போன இடத்தில் கொலைச் சதி காதில் விழுந்தது. கேட் வார்ன் 'உடம்பு சரியில்லாத என் அண்ணன் வருகிறார்' என்று சொல்லித் தூங்கும் வண்டியில் படுக்கைகளைப் பதிவு செய்தார். அந்த 'அண்ணன்' லிங்கன். 22-ம் தேதி இரவு பால்டிமோரை யாருக்கும் தெரியாமல் கடந்து, 23-ம் தேதி விடிகாலையில் வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார்கள். உண்மையிலேயே அவ்வளவு பெரிய சதி இருந்ததா என்று வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கம்பெனிக்குப் பெயர் வந்தது மட்டும் நிச்சயம்.

அடுத்து வந்த உள்நாட்டுப் போரில் பிங்கர்டன் வடக்குப் படையின் தளபதி மெக்லெல்லனுக்கு ஒற்று வேலை பார்த்தார். அங்கே ஒரு பலவீனம் வெளிப்பட்டது. எதிரியின் படைபலத்தைப் பல மடங்கு கூட்டிக் காட்டினார். எதற்கும் தயங்கும் சுபாவம் கொண்ட மெக்லெல்லனுக்கு அந்தக் கணக்கு வசதியாகவும் இருந்தது. பணம் கொடுப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்லும் ஆபத்து துப்பறிவாளருக்கு எப்போதும் உண்டு. 1862 கடைசியில் மெக்லெல்லனைப் பதவியிலிருந்து நீக்கியதும் பிங்கர்டனும் விலகிக்கொண்டார்.

1874: மேஜை மேல் மூன்று ஃபைல்கள்

இப்போது 1874-க்கு வருவோம். 1871-ல் சிகாகோ நகரையே எரித்த பெருந்தீயில் கம்பெனியின் ஆபீசும் பழைய ஆவணங்களும் சாம்பலாகிவிட்டன. 1873-ல் நாடு முழுவதும் வங்கிகள் விழுந்து பொருளாதாரம் படுத்துவிட்டது. பிங்கர்டனுக்கு அதற்கு முன்பே பக்கவாதம் வந்து மெல்லத் தேறியிருந்தார். கம்பெனிக்குப் பணம் அவசரமாகத் தேவை. அந்த நேரத்தில் மூன்று வேலைகள் ஒன்றாக ஓடின.

முதல் ஃபைல், ஜெஸ்ஸி ஜேம்ஸ். 1874 ஜனவரி கடைசியில் மிசௌரி மாநிலத்தில் கேட்ஸ் ஹில் என்ற இடத்தில் ஜேம்ஸ் கும்பல் ரயிலை நிறுத்திக் கொள்ளையடித்தது. பார்சல் கம்பெனி பிங்கர்டனைக் கூப்பிட்டது. மார்ச் மாதம் ஜோசப் விச்சர் என்ற இளைஞர், பண்ணை வேலை தேடும் கூலியாள் வேஷத்தில் ஜேம்ஸ் குடும்பத்தின் வீட்டுக்குத் தனியாகப் போனார். போக வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் எச்சரித்தார்கள். மறுநாள் சாலையோரத்தில் அவர் பிணம் கிடந்தது. சில நாட்களில், கும்பலைச் சேர்ந்த யங்கர் சகோதரர்களோடு நடந்த சண்டையில் லல் என்ற இன்னொரு ஆப்பரேட்டிவும் குண்டடிபட்டு, பிறகு இறந்தார்.

இதற்குப் பிறகு பிங்கர்டனுக்கு அது சொந்தப் பகையாகிவிட்டது. 1875 ஜனவரி 25-ம் தேதி நள்ளிரவில் ஒரு குழு அந்தப் பண்ணை வீட்டைச் சூழ்ந்துகொண்டு, ஜன்னல் வழியாகத் தீப்பற்றும் எண்ணெய் நிரப்பிய இரும்பு உருண்டையை உள்ளே வீசியது. வீட்டார் அதை நெருப்புக் கணப்புக்குள் தள்ளினார்கள். அது வெடித்தது. கொள்ளைக்காரர்கள் யாரும் அதில் சிக்கவில்லை. ஜெஸ்ஸியின் சின்னத் தம்பி, மாற்றாந்தகப்பனுக்குப் பிறந்த ஆர்ச்சி, 10 வயதுகூட ஆகாத பையன், செத்துப்போனான். தாயார் ஒரு கையை இழந்தார்.

ஒரே ராத்திரியில் நாடு தலைகீழாகிவிட்டது. நேற்று வரை கொள்ளைக்காரர்களைத் திட்டியவர்கள் இன்று பிங்கர்டனைத் திட்டினார்கள். உள்ளூர் ஜூரி பிங்கர்டன் மேலேயே கொலைக் குற்றம் சாட்டியது. வழக்கு நடக்கவில்லை என்பது வேறு. ஜேம்ஸ் கும்பலுக்குப் பொதுமன்னிப்புத் தர மாநில சட்டசபையில் தீர்மானமே வந்து, போதிய ஓட்டு கிடைக்காமல் தோற்றது. கம்பெனி அந்த ஃபைலை மூடியது. 1882-ல் ஜெஸ்ஸி ஜேம்ஸைச் சுட்டுக் கொன்றது அவன் கும்பலில் சேர்ந்த ஆள்தான், பிங்கர்டனின் ஆள் இல்லை.

இரண்டாவது ஃபைல், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்கள். இதுதான் நீளமானது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும் பகுதி பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் மக்கள். 1869-ல் அவண்டேல் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது வெளியேற ஒரே ஒரு வழிதான் இருந்தது. 110 பேர் செத்தார்கள். கூலி குறைவு. கடையும் வீடும்கூடக் கம்பெனியுடையது. இதற்கு நடுவே சுரங்க மேலாளர்களும் மேஸ்திரிகளும் இருட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 'மாலி மக்வயர்' என்ற ரகசியச் சங்கம்தான் செய்கிறது என்று பேச்சு. கொலைகள் நிஜம். அவற்றுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சங்கம் இருந்தது என்பதுதான் இன்றும் தீராத கேள்வி.

ரீடிங் ரயில்வேயின் தலைவர் ஃபிராங்க்ளின் கோவன், சுரங்க நிலங்களையும் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தவர். 1873 அக்டோபரில் பிங்கர்டனை அமர்த்தினார். பிங்கர்டன் அனுப்பியது ஜேம்ஸ் மக்பார்லண்ட் என்ற ஐரிஷ் கத்தோலிக்க இளைஞரை. தன் இனத்தாரிடையே தன் இனத்தான். ஜேம்ஸ் மக்கென்னா என்று பெயர் மாற்றிக்கொண்டு, கொலை செய்துவிட்டுத் தலைமறைவாக இருக்கும் ஆள் என்று சொல்லிக்கொண்டு போனார். குடித்தார், பாடினார், ஆடினார், அடிதடியில் இறங்கினார். ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. சங்கத்தில் சேர்ந்து கிளைச் செயலாளரே ஆனார். இரண்டரை வருஷம் அந்த வேஷத்தில் இருந்தார். உடம்பு கெட்டு, தலைமுடி கொட்டிப்போனது.

அவருடைய அறிக்கைகள் கோவனின் மேஜைக்குப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான் கோவன் கூலியைக் குறைத்தார். 1875 ஜனவரியில் ஆரம்பித்த வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீண்டு, பட்டினியில் முடிந்தது. கொலைகளோடு சம்பந்தமில்லாத தொழிற்சங்கமும் அதோடு நொறுங்கியது. கோவனுக்கு இரண்டும் ஒரே எதிரிதான்.

அந்த வருஷம் டிசம்பரில் முகமூடி அணிந்த ஆட்கள் விகன்ஸ் பேட்ச் என்ற குடியிருப்பில் ஒரு வீட்டுக்குள் புகுந்து, சந்தேக நபர் ஒருவரையும், அவர் சகோதரியான எல்லன் மக்அலிஸ்டர் என்ற பெண்ணையும் சுட்டுக் கொன்றார்கள். அந்த வீட்டு ஆண்களைப் பற்றிய தகவல் தன் அறிக்கைகளிலிருந்துதான் கசிந்திருக்க வேண்டும் என்று மக்பார்லண்டுக்குத் தோன்றியது. பெண்களைக் கொல்வதற்கு நான் துணை போக மாட்டேன் என்ற பொருளில் கோபமாக ராஜினாமாக் கடிதமே எழுதினார். பிறகு சமாதானமாகித் தொடர்ந்தார். இரண்டரை வருஷம் பொய்யாக வாழ்ந்த அந்த மனிதரின் மனசாட்சி வெளியே தெரிந்த இடம் அது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது.

வழக்கு நடந்த விதம் விசித்திரமானது. விசாரித்தது தனியார் துப்பறியும் கம்பெனி. கைது செய்தது நிலக்கரி, இரும்புக் கம்பெனிகளின் சொந்தப் போலீஸ். அரசுத் தரப்பில் வாதாடியவர்களில் ரயில்வே தலைவர் கோவனே ஒருவர். ஜூரிகளில் ஐரிஷ் கத்தோலிக்கர் இல்லை. முக்கிய சாட்சி மக்பார்லண்ட். அரசாங்கத்தின் பங்கு நீதிமன்றக் கட்டடமும் தூக்குமரமும்தான் என்று பின்னாளில் அதே பகுதி நீதிபதி ஒருவரே எழுதினார். மொத்தம் 20 பேரைத் தூக்கிலிட்டார்கள். அதில் 10 பேரை 1877 ஜூன் 21-ம் தேதி என்ற ஒரே நாளில்.

நாவலாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டு கேஸும் ஒன்றாகச் சேர வேண்டும். நிஜத்தில் ஜெஸ்ஸி ஜேம்ஸுக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டையும் இணைத்த முடிச்சு ரயில்வே, பார்சல் கம்பெனிகளின் காசோலைதான்.

மூன்றாவது ஃபைலைக் கம்பெனியே தனக்காகத் திறந்தது. 1874-ல் பிங்கர்டன் தன் பெயரில் துப்பறியும் புத்தகங்கள் வெளியிட ஆரம்பித்தார். முதலில் வந்தது மேலே சொன்ன மரோனி கேஸ். வேறு ஆட்களை வைத்து எழுதச் செய்தவை அவை என்பார்கள். அடுத்தடுத்து ஒரு டஜனுக்கு மேல் வந்தன. மிசௌரியில் ஒரு பையன் செத்து நாடே ஏசிக்கொண்டிருந்த காலத்தில், இன்னொரு பக்கம் தோல்வியே காணாத துப்பறிவாளரின் கதைகள் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. 1877-ல் சுரங்கக் கேஸும் புத்தகமானது. 1878-ல் வந்த புத்தகத்தில் வேலைநிறுத்தக்காரர்களையும் கம்யூனிஸ்ட்டுகளையும் நாடோடிகளையும் தலைப்பிலேயே ஒரே வரிசையில் நிறுத்தினார். ஓட்டுரிமை கேட்டு கிளாஸ்கோ தெருவில் நின்ற பீப்பாய்த் தொழிலாளி எழுதிய புத்தகம் அது.

அவர் பணத்துக்காக மனம் மாறிய போலி என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படியும் சொல்ல முடியவில்லை. கறுப்பின அடிமைகள் தப்பி ஓடுவதற்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தவர் அவர். அடிமை முறையை ஆயுதத்தால் எதிர்த்த ஜான் பிரவுனுக்கு 1859-ல் பணம் திரட்டிக் கொடுத்தவர். அதெல்லாம் ஆபத்தான வேலைகள், அதற்காக யாரும் அவருக்குப் பில் செலுத்தவில்லை. தன் கம்பெனி செய்வதும் நியாயம்தான் என்று கடைசி வரை நம்பினார் என்றுதான் தோன்றுகிறது. வாடிக்கையாளரின் எதிரியைத் தினம் தினம் வேவு பார்த்து அறிக்கை படித்துக்கொண்டே இருந்தால், கொஞ்ச காலத்தில் அவன் நமக்கும் எதிரியாகிவிடுவான்.

ஆற்றங்கரைச் சண்டை

1884-ல் அலன் பிங்கர்டன் இறந்தார். மகன்கள் வில்லியமும் ராபர்ட்டும் தொழிலை எடுத்துக்கொண்டார்கள். இப்போது துப்பறிவதோடு, வேலைநிறுத்தம் நடக்கும் ஆலைகளுக்குத் துப்பாக்கியோடு காவலர்களை அனுப்புவதும் பெரிய வியாபாரம்.

1892 ஜூலை 6. பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஹோம்ஸ்டெட் ஊரில் கார்னகியின் எஃகு ஆலை. சங்கத்தை ஒழிக்கத் தீர்மானித்த மேலாளர் ஃபிரிக் ஆலையைப் பூட்டிவிட்டார். முதலாளி கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். 300 பிங்கர்டன் ஆட்களை இரண்டு தட்டைப் படகுகளில் ஏற்றி, விடியுமுன் ஆற்று வழியாக ஆலைக்குள் இறக்குவது திட்டம். வந்தவர்களில் பலர் வேலையில்லாமல் திரிந்து, கூலிக்காகச் சேர்ந்தவர்கள். எங்கே போகிறோம் என்றே அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. கரையில் ஊரே திரண்டு நின்றது. காலையிலிருந்து மாலை வரை துப்பாக்கிச் சண்டை. இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 10 பேர் இறந்தார்கள். கடைசியில் பிங்கர்டன் ஆட்கள் சரணடைந்து, ஆண்களும் பெண்களும் இரு பக்கமும் நின்று அடிக்க, அதன் நடுவே நடந்து போனார்கள்.

பிறகு மாநிலப் படை வந்தது, நவம்பரில் தொழிலாளர்கள் தோற்றார்கள். ஆனால் தனியார் கம்பெனி ஒரு சிறு சேனையையே வாடகைக்கு விடலாமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. 1893-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிங்கர்டன் கம்பெனியின் ஆட்களையோ அது போன்ற அமைப்புகளின் ஆட்களையோ மத்திய அரசாங்கம் வேலைக்கு அமர்த்தக் கூடாது. ஒரு கம்பெனியின் பெயரையே சொல்லி இப்படி ஒரு சட்டம் வருவது அபூர்வம். லிங்கனை அழைத்து வந்த அதே கம்பெனிக்கு 32 வருஷத்தில் நேர்ந்த கதி இது.

தனியார் முதலாளிகளுக்கு அந்தத் தடை கிடையாது. சங்கங்களுக்குள் ஆள் வைத்து வேவு பார்ப்பது அதன் பிறகும் நாற்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. 1930-களில் செனட்டர் லா ஃபாலெட் தலைமையிலான குழு இதையெல்லாம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1937-ல்தான் கம்பெனி அந்த வேலையைக் கைவிட்டது.

கதைக்குள் போன கம்பெனி

நாம் படித்த கதைகளுக்கும் இந்தக் கம்பெனிக்கும் இருக்கும் தொடர்பை இங்கே சொல்லிவிடுகிறேன். கோனன் டாயிலின் கடைசி ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலான 'தி வேலி ஆஃப் ஃபியர்' மக்பார்லண்டின் சுரங்கக் கதையை வைத்து எழுதப்பட்டது. அதில் துப்பறிவாளர் மாசற்ற வீரர், சங்கத்துக்காரர்கள் எல்லோரும் கொலைகாரர்கள். விகன்ஸ் பேட்ச் அங்கே கிடையாது.

இன்னொருவர் டேஷியல் ஹாமெட். இவர் 1915-ல் பால்டிமோர் கிளையில் ஆப்பரேட்டிவாகச் சேர்ந்து, இடையில் ராணுவத்துக்குப் போய், நோயோடு திரும்பி, 1922 வரை அங்கே வேலை செய்தவர். பிறகு எழுத உட்கார்ந்தார். அவருடைய துப்பறிவாளருக்குப் பெயரே கிடையாது. கான்டினென்டல் என்ற ஏஜென்சியின் ஆப்பரேட்டிவ், அவ்வளவுதான். 1929-ல் வந்த 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில், ஒரு சுரங்க ஊரின் முதலாளி ஸ்டிரைக்கை உடைக்க ரவுடிகளை வரவழைக்கிறார். பிறகு அந்த ரவுடிகளே ஊரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைச் சுத்தம் செய்ய அதே முதலாளியின் பணத்தில் நம் ஆப்பரேட்டிவ் வேலை பார்க்கிறார். பில் கொடுப்பவர் யார் என்பதைக் கதைக்குள் கொண்டுவந்தவர் ஹாமெட். உள்ளே இருந்து பார்த்தவர் என்பதால் அது முடிந்தது.

பிங்கர்டன் கம்பெனியை 1999-ல் ஸ்வீடனின் செக்யூரிட்டாஸ் வாங்கியது. பழைய ஆவணங்கள் இப்போது அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது.

நம் நாட்டிலும் துப்பறியும் ஏஜென்சிகள் பெருகிவிட்டன. மாப்பிள்ளை எப்படி, பெண் எப்படி என்று கல்யாணத்துக்கு முன் விசாரிப்பது அவர்களுடைய முக்கியத் தொழில்களில் ஒன்று. காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005-ல் சட்டம் வந்தது. துப்பறியும் ஏஜென்சிகளுக்கென்று 2007-ல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. பேத்திக்கு வரன் பார்க்கும்போது 'ஒரு ஏஜென்சியில் சொல்லி விசாரிக்கலாமே' என்று யாராவது யோசனை சொல்வார்கள். அந்த விசாரணை அறிக்கை பணம் கொடுத்தவர் கைக்கு மட்டும்தான் வரும். விசாரிக்கப்பட்ட பையனுக்கோ பெண்ணுக்கோ தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள், அது சரியா தவறா என்று சொல்ல வாய்ப்பே கிடைக்காது.

மாலி மக்வயர் வழக்கில் தலைவர் என்று சொல்லித் தூக்கிலிடப்பட்டவர் ஜான் கெஹோ. தான் குற்றமற்றவன் என்றே கடைசி வரை சொன்னார். அவருடைய சந்ததியார் விடாமல் மனுப்போட்டு, 1979-ல் பென்சில்வேனியா கவர்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். தூக்கிலிட்டு 100 வருஷம் கழித்து. துப்பறிவாளரின் அறிக்கை எழுத ஒரு மாலைப் பொழுது போதும். அதற்குப் பதில் எழுத அந்தக் குடும்பத்துக்கு நான்கு தலைமுறை தேவைப்பட்டது.